நானுஓயா ஏற்றத்தில் நின்ற கார்

சோலைமலை ஒரு இஞ்சினைத் தொட்டாலே அதற்கு என்ன நோவு என்று சொல்லிவிடுவான் என்று தோட்டத்தில் பேசிக்கொள்வார்கள். கொஞ்சம் கூட்டிச் சொல்வதுதான். அவன் உடனே தொடமாட்டான். பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, வெற்றிலையை ஒரு கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு, கேட்டுக்கொண்டே இருப்பான். பூண்டுலோயாவுக்கு மேலே மூன்று மைல் ஏறினால் வருகிற அந்தத் தோட்டத்தில் தேயிலை ஆலையை ஸ்டோர் என்பார்கள். யுத்த காலத்தில் ஒரு நாள் ஸ்டோர் இஞ்சின் நின்றுபோனது. கொழும்பிலிருந்து ஆள் வர இரண்டு வாரம் ஆகும் என்றார்கள். வாடப்போட்ட கொழுந்து மாடியில் கெட்டுக்கொண்டிருந்தது. இஞ்சினுக்கு எண்ணெய் துடைக்கிற வேலையில் இருந்த சோலைமலை யாரையும் கேட்காமல் அதைக் கழற்றிக் கோணிச்சாக்கில் பரப்பிவிட்டான். தோட்ட மேற்பார்வையாளரான கண்டாக்கையா தலையில் அடித்துக்கொண்டார். மறுநாள் மத்தியானம் இஞ்சின் ஓடியது. அன்றிலிருந்து அவன் இஞ்சின்களைப் பார்த்துக்கொள்ளும் பிட்டர்.

அந்தக் கைவேலை அவனை மலைக்குத் திருப்பி அனுப்பாமல் ஸ்டோரிலேயே வைத்தது. ஆனால் நேரம் காலம் என்பது போய்விட்டது. மற்ற ஆண்கள் தேயிலைச் செடியைக் கழிக்கும் கவ்வாத்து வேலையை முடித்து, மரக்கறித் தோட்டத்தைக் கொத்திக்கொண்டிருக்கும் நேரத்தில் அவனைத் தேடி ஆள் வரும். தோட்ட மேனேஜரான பெரியதொரையின் பங்களாவில் தண்ணீர்ப் பம்பு இறைக்கவில்லை, மருந்து ஐயாவின் மோட்டார் சைக்கிள் கிளம்பவில்லை, ஓடு. ஐம்பத்து மூன்றில் சின்னதொரை வந்த பிறகு அவருடைய காரும் இதோடு சேர்ந்தது.

சின்னதொரை என்றால் உதவி மேனேஜர். வெள்ளைக்காரர், கல்யாணம் ஆகாதவர், முப்பதுக்குள் வயது. ஆறு மாதத்தில் தமிழ் படித்துப் பரீட்சை பாஸ் செய்தவர். ஆனால் வேலை ஏவும் சொற்கள் மட்டுந்தான் அவர் நாக்கில் படிந்திருந்தன. அவருடைய கார் யுத்தத்துக்கு முந்திய ஸ்போர்ட்ஸ் கார். சிவப்பு நிறம், நீண்ட மூக்கு, இரண்டே இரண்டு ஆசனம், கூரைக்குப் பதில் மடக்கித் தள்ளிய துணி. ஊருக்குப் போன வேறொரு தொரையிடம் வாங்கியது. தோட்டத்துச் சனங்கள் அதை மொட்டைக் காரு என்றார்கள். மாதத்துக்கு ஒரு தடவையாவது அது படுத்துக்கொள்ளும். சோலைமலை போய் எழுப்பிவிடுவான்.

அவன் பிறந்தது அந்தத் தோட்டத்துத் தொழிலாளர் வரிசை வீடுகளில், எட்டாம் லயத்தில். அவன் அப்பா பிறந்ததும் அதே லயத்தில்தான். ஆனாலும் நாற்பத்தெட்டில் வந்த சட்டத்தில், அவர்களைப் போன்றவர்கள் இந்த நாட்டுப் பிரஜைகள் இல்லை என்று ஆகிவிட்டது. மறுவருஷம் இன்னொரு சட்டம் வந்தது. இத்தனை வருஷம் இடைவிடாமல் இங்கேயே குடியிருந்தோம் என்று காட்டினால் பதிந்துகொள்ளலாம் என்றார்கள். ஐம்பத்தொன்றில், கெடு முடிய நான்கு நாள் இருக்கையில், சோலைமலை தலவாக்கலைத் தொழிற்சங்க ஆபீசில் வரிசையில் நின்று விண்ணப்பம் எழுதிப் போட்டான். நான்கு வருஷம் ஒரு சத்தமும் இல்லை. பிறகு, ஐம்பத்தைந்து மார்ச்சில், நீளமான உறை ஒன்று வந்தது. ஏப்ரல் இருபத்திரண்டாம் திகதி வெள்ளிக்கிழமை காலை பதினொரு மணிக்கு நுவரெலியாவில் விசாரணை. மனைவி பிள்ளையோடு வரவேண்டும். இத்தனை வருஷம் இந்தத் தோட்டத்தில் இருந்தான் என்று நிர்வாகம் தரும் கடிதமும் வேண்டும்.

பெரியதொரை லீவில் சீமைக்குப் போயிருந்தார். கையெழுத்துப் போட வேண்டியவர் சின்னதொரை. கிளாக்கர் கடிதத்தை டைப் அடித்து அவர் மேசையில் வைத்தார். சோலைமலை இரண்டு வாரம் நடந்தான். "நாளைக்கி," என்பார் சின்னதொரை. மறுநாள் போனால் அதுவும் நாளைக்கி.

வெள்ளிக்கிழமையும் வந்துவிட்டது. விடிவதற்கு முன்பே பூரணி எழுந்து, மூன்று வயது வீரம்மாவைக் குளிப்பாட்டி, கல்யாணச் சேலையைக் கட்டிக்கொண்டாள். பூரணி அவன் மனைவி. கொழுந்தெடுப்பில் அந்த மலையிலேயே கைவேகக்காரி, பேச்சிலும் அப்படித்தான். பிறப்புச் சாட்சிப் பத்திரம், கல்யாணப் பதிவு, விண்ணப்ப இலக்கம் எழுதிய துண்டு எல்லாம் எண்ணெய்த் துணியில் சுற்றி அவள் இடுப்பில் இருந்தன.

"பூண்டுலோயாவுல ஏழு மணி பஸ்ஸு," என்றாள். "கடுதாசிய வாங்கிட்டு ஓடியாந்துருங்க."

"நான் வரலேன்னாலும் நீ ஏறிப் போயிரு. அடுத்த பஸ்ஸப் புடிச்சி வந்துர்றேன்."

"அவரு இன்னைக்கும் நாளைக்கின்னு சொன்னா?"

"இன்னைக்கிச் சொல்லமாட்டாரு," என்றான். எந்தத் தைரியத்தில் சொன்னான் என்று அவனுக்கே தெரியவில்லை.

சின்னதொரை பங்களாவுக்குப் போனபோது ஆறு மணி. அவர் கார் கொட்டகையில், கைகளைக் காற்சட்டைப் பையில் விட்டுக்கொண்டு நின்றார். காரின் மூக்குக்குக் கீழே சிமெந்துத் தரையில் பாய் அகலத்துக்கு ஈரம். பெட்ரோல் நெடி மூக்கை அடைத்தது.

"சோலைமலே! நீ நல்ல நேரம் வந்தது. பார், பெட்ரோல் ஓடுது. நீ சரி செய்."

"தொர, இன்னைக்கி எனக்கு நுவரெலியாவுல விசாரணைங்க. கடுதாசிக்கு வந்தேனுங்க. ஏழு மணி பஸ்ஸுக்குப் போகணும்."

சின்னதொரை தன் கோட்டுப் பையைத் தட்டிக் காட்டினார். வெள்ளைக் காகிதத்தின் ஓரம் எட்டிப் பார்த்தது.

"கடுதாசி இங்கே இருக்கு. நானும் நுவரெலியா போறது. ஞாயித்துக்கிழமை மலையில கார் ரேஸ். இன்னைக்கு பன்னெண்டு மணிக்கு கார் கொண்டு போய்க் காட்ட வேணும். நீ கார் சரி செய். நீ, நான், கார்ல போறது. பஸ் வேண்டாம். கையெழுத்து அங்கே போடறது."

அதைச் சலுகையாக நினைத்துத்தான் அவர் சொன்னார். சோலைமலைக்கு அது கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டதுபோல இருந்தது. கடிதம் அவர் பையில் இருக்கிறது. அதை விட்டுவிட்டுப் பஸ் ஏறி என்ன செய்வது? விசாரணைக்கென்று தைத்த வெள்ளைச் சட்டையைக் கழற்றிக் கொட்டகை ஆணியில் மாட்டினான். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு காரின் மூக்கை ஒருபுறமாகத் திறந்தான்.

சாவியைத் திருப்பச் சொன்னான். உள்ளே சின்ன மின்சாரப் பம்பு ஒன்று டிக் டிக் என்று அடிக்கத் தொடங்கியது. வழக்கமாகப் பத்துப் பன்னிரண்டு தரம் அடித்துக் கார்ப்ரேட்டர் நிரம்பியதும் ஓய்ந்துவிடும். இப்போது ஓயவில்லை. எங்கேயோ ஒரு வழியாக பெட்ரோல் போய்க்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். எங்கே என்பதுதான் பிடிபடவில்லை. முதலில் கார்ப்ரேட்டர் கிண்ணம் வழிகிறதென்று நினைத்தான். திறந்து, மிதவையைக் குலுக்கிப் பார்த்து, ஊசியைத் துடைத்துப் போட்டான். டிக் டிக் நிற்கவில்லை. இரண்டாவது கிண்ணத்தைத் திறந்தான். அதுவும் சுத்தம். வாசர்களை மாற்றினான். கீழே பூண்டுலோயாப் பக்கம் பஸ் ஹாரன் கேட்டது. தலையைத் தூக்காமலே, பூரணி ஏறியிருப்பாள் என்று நினைத்துக்கொண்டான்.

எட்டரை மணிக்குத்தான் கண்டுபிடித்தான். பம்பிலிருந்து கார்ப்ரேட்டருக்குப் போகிற செம்புக் குழாய், நட்டுக்குள் நுழைகிற கழுத்தில், மயிரிழை மாதிரி ஒரு கீறல். நட்டு மறைத்துக்கொண்டிருந்ததால் கண்ணில் படவில்லை. அதிலிருந்து பீறி, குழாயின் அடிவழியே ஓடி, வேறெங்கோ சொட்டியிருக்கிறது. அதற்கு நேர் கீழே புகைபோக்கி இரும்பு. இஞ்சின் ஓடும்போது அது அடுப்பு மாதிரிக் காயும்.

சரியாகச் செய்வதென்றால் குழாயைக் கழற்றி, ஸ்டோருக்கு எடுத்துப்போய், வெந்நீரில் அலசி, கழுத்துக்கு ஈயம் வைத்து ஒட்டி, ஆறவிட்டுக் கொண்டுவந்து பூட்ட வேண்டும். இரண்டு மணி நேரம் பிடிக்கும். இங்கிருந்து நுவரெலியாவுக்கு ஒரு மணிக்கும் மேலே ஓட்டம். பதினொரு மணிக்கு எப்படியும் எட்டாது.

பங்களாச் சமையல்காரரிடம் துணி துவைக்கிற சவர்க்காரத்தில் ஒரு துண்டு கேட்டு வாங்கினான். பெட்ரோலில் சவர்க்காரம் கரையாது. அதைக் கையில் பிசைந்து கீறலில் அழுத்தி, தலைத்துண்டில் ஒரு நாடா கிழித்து இறுக்கிச் சுற்றி, நூலால் கட்டி, மேலேயும் பூசினான். சாவியைத் திருப்பினார்கள். டிக் டிக் டிக். ஓய்ந்தது. ஒரு சொட்டு இல்லை.

"சரியாப் போச்சு?" என்றார் சின்னதொரை.

சூடு ஏறினால் அது இளகும், கல்ரோட்டுக் குலுக்கலில் விலகும் என்று சோலைமலைக்குத் தெரியும். சொன்னால் சின்னதொரை காரை எடுக்கமாட்டார். காரை எடுக்காவிட்டால் கடிதமும் போகாது, அவனும் போகமுடியாது.

"சரியாப் போச்சுங்க தொர," என்றான்.

கையைக் கழுவி, சட்டையைப் போட்டுக்கொண்டு, அந்த இரண்டாவது ஆசனத்தில் உட்கார்ந்தான். உடம்பைக் குறுக்கிக்கொண்டு, முழங்காலை ஒட்டவைத்துக்கொண்டு, எதிலும் படாமல் உட்காரப் பார்த்தான். அந்தச் சின்னக் காரில் தொரையின் முழங்கையில் இடிக்காமல் உட்கார இடமில்லை. மலையில் கொழுந்தெடுத்துக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்து பார்த்துக் கையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். ரோட்டோரம் நின்ற நல்லமுத்துக் கங்காணி தொரைக்குத் தலைப்பாகையைக் கழற்றினார். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவன் யார் என்று பார்த்தவர், அதைத் திரும்பக் கட்ட மறந்து அப்படியே நின்றார். வேறொரு நாளாயிருந்தால் சோலைமலைக்குச் சிரிப்பு வந்திருக்கும்.

தலவாக்கலை தாண்டும்வரை எல்லாம் ஒழுங்காக இருந்தது. தார் ரோட்டில் சின்னதொரை பறந்தார். வளைவுகளில் சோலைமலை கதவைப் பற்றிக்கொண்டான். காதை மட்டும் இஞ்சினிடம் கொடுத்திருந்தான். லிந்துலை தாண்டி ஒரு கொண்டை ஊசி வளைவில் கார் மெதுவானபோது மூக்கில் ஏதோ தட்டியது. வேகம் எடுத்ததும் போய்விட்டது. பிரமையாக இருக்கும் என்று மனதைத் தேற்றிக்கொண்டான். நானுஓயா ஸ்டேசனைத் தாண்டி ஏற்றம் தொடங்கியது. கியரை இறக்கியதும் மறுபடி அதே நெடி, கால்பலகை வழியாக. பம்பின் டிக் டிக் ஓசை நெருங்கி நெருங்கி வந்தது.

சொல்லலாமா? சொன்னால் கார் நிற்கும். இன்னும் மூன்று நான்கு மைல்தான். மணி பத்து ஆகியிருக்கும். பதினைந்து நிமிஷம் தாங்கினால் போதும். ஐயனாரே, பதினைந்தே நிமிஷம். அடியில் அந்த இரும்பு காய்ந்துகொண்டிருந்தது. பெட்ரோல் அதில் சொட்டுகிறதா, பக்கத்தில் சொட்டுகிறதா, தெரியவில்லை. கதவைத் திறந்து குதிக்கவும் முடியாது, வாயைத் திறக்கவும் முடியாது. வேர்வை முதுகில் ஓடி வெள்ளைச் சட்டையை ஒட்டவைத்தது.

அப்போது சின்னதொரை ஒரு கையால் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, மறுகையால் சிகரெட் ஒன்றை எடுத்து வாயில் வைத்தார். கோட்டுப் பையிலிருந்து லைட்டரை எடுத்தார்.

சோலைமலை அவர் மணிக்கட்டை எட்டிப் பிடித்தான்.

தோட்டத்தில் எவனும் ஒரு தொரையின் கையைப் பிடித்ததில்லை. கார் ரோட்டின் மண்பக்கம் இழுத்து, குலுங்கி நின்றது. சின்னதொரை முகம் காரின் நிறத்துக்கு வந்திருந்தது.

"பத்த வைக்காதீங்க தொர! பெட்ரோலு! எறங்குங்க, எறங்குங்க!"

இருவரும் இறங்கித் தள்ளிப்போய் நின்றார்கள். காரின் மூக்குக்கு அடியிலிருந்து லேசாக ஆவி எழுந்தது. நெருப்பு பற்றவில்லை. கொஞ்சம் பொறுத்து சோலைமலை மூடியைத் திறந்தான். துணிநாடா நனைந்து தொங்கியது. சவர்க்காரம் வழிந்து மஞ்சள் கோடாக இறங்கியிருந்தது.

சின்னதொரை அதை விரலால் தொட்டு மோந்து பார்த்தார். "சோப்," என்றார். "நீ சரின்னு சொன்னது. பொய் சொன்னது."

"பதினோரு மணிக்குப் போகணும்னுதாங்க தொர..."

"எனக்கு பன்னெண்டு மணி. செய்."

"இஞ்சின் ஆறணுங்க. அரை மணியாவது ஆகும். தொர, அந்தக் கடுதாசிய இப்பக் குடுத்தீங்கன்னா நான் நடந்தே போயிருவேன். அங்கேருந்து யாரையாவது அனுப்பி வைக்கிறேன்."

"கார் ரோட்டில. நீ போறது? இல்லே. கார் ஆனா, கடுதாசி."

ஏற்றத்துக்குக் கீழே பனி திரண்டுகொண்டிருந்தது. சோலைமலை காரைச் சுற்றி வந்தான், குழாயை எதனால் இணைப்பது என்று யோசித்தான். பின்பக்கப் பெட்டியில் டயருக்குக் காற்றடிக்கும் கால் பம்பு இருந்தது. அதன் குழல் ரப்பர், உள்ளே துணி வைத்தது. கேட்டுவிட்டுக் கத்தியால் இரண்டு அங்குலத்துக்கு அறுத்தெடுத்தான். செம்புக் குழாயில் கீறல் விட்ட கழுத்தை, அதே பெட்டியில் கிடந்த இரும்பு அறுக்கிற வாள் அலகால் துண்டித்து, இரண்டு முனையையும் ரப்பருக்குள் செருகி, கம்பியை முறுக்கிக் கட்ட வேண்டும். ரப்பரைப் பெட்ரோல் ஒரு வாரத்தில் ஊறவைத்துவிடும். இன்றைக்குப் போதும்.

அறுத்துக்கொண்டிருக்கும்போது கீழிருந்து பஸ் வந்தது. முக்கிக்கொண்டு, மெதுவாக, ஓடிப்போய் ஏறிவிடலாம் என்கிற வேகத்தில் வந்தது. சாரதி காரைப் பார்த்து இன்னும் மெதுவாக்கினான். பஸ்ஸில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். ஒரு கையைத் தூக்கினால் போதும். சோலைமலையின் ஒரு கையில் குழாய், ஒரு கையில் வாள் அலகு. சின்னதொரை அவனைப் பார்த்துக்கொண்டு நின்றார். கோட்டுப் பையில் காகிதத்தின் ஓரம் வெளியே தெரிந்தது. பஸ் கடந்து வளைவில் மறைந்தது. அதன் சத்தம் அடுத்த வளைவிலும், அதற்கடுத்த வளைவிலும் கேட்டது.

கட்டி முடித்துச் சாவியைத் திருப்பியபோது பதினொன்றேகால். பம்பு எட்டுத் தரம் அடித்து ஓய்ந்தது.

நுவரெலியாவில் தபால் கந்தோர்த் திருப்பத்தில் சின்னதொரை காரை நிறுத்தினார். மட்கார்டில் காகிதத்தை வைத்துக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். "குட் மேன்," என்றார். கோபம் போயிருந்தது. கார் ரேஸ் கோர்ஸ் பக்கம் பாய்ந்துபோனது. சோலைமலை ஓடினான்.

விசாரணைக் கட்டடத்து விறாந்தையில் பூரணி உட்கார்ந்திருந்தாள். வீரம்மா மடியில் தூங்கிக்கொண்டிருந்தாள். அவன் சட்டையில் இருந்த கறுப்பையும் முகத்தையும் பார்த்துவிட்டு, அவள் எழுந்திருக்கவில்லை.

"மூணு தடவ கூப்பிட்டாங்க," என்றாள். "மூணு தடவையும் நாந்தான் எந்திரிச்சேன். ஒம் பேரு சோலைமலையான்னு கேட்டு எல்லாரும் சிரிச்சாங்க."

வாசலில் மேசை போட்டிருந்த மொழிபெயர்ப்பாளர் தம்பிஐயா, யாழ்ப்பாணத்தார், வயதானவர். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு பார்த்தார். "நீர்தானோ சோலைமலை? உம்மடை மனுசி பஸ்ஸிலை வந்த ஒராளிட்டைக் கேட்டுப்போட்டுச் சொன்னவா, அவர் தொரையின்ரை காரிலை வாறார் எண்டு. விசாரிக்கிற ஐயா நம்பேல்லை. இவ்வளவு காலத்திலை ஒரு தொழிலாளியும் தொரையின்ரை காரிலை வந்ததில்லை எண்டார். உம்மடை விண்ணப்பக் கோப்பை மூடிப்போட்டார்."

மத்தியானம் இரண்டு மணிக்கு விசாரணை அதிகாரி சாப்பிட்டு வந்தார். சோலைமலையை உள்ளே கூப்பிட்டார்கள். அவர் கடிதத்தை வாசித்தார், அவன் கைகளைப் பார்த்தார், பெட்ரோல் நெடிக்கு ஜன்னலைத் திறக்கச் சொன்னார். ஆங்கிலத்தில் நான்கு வசனம் பேசினார். தம்பிஐயா வெளியே வந்து மெதுவாகச் சொன்னார்:

"உம்மை மறிச்சு வைச்சது தான்தான் எண்டு உம்மடை தொரை எழுதித் தரவேணுமாம். ரெண்டு கிழமைக்குள்ளை. அதில்லாட்டி, ஆள் வரேல்லை எண்டுதான் முடிவாகும். எப்பிடியும் எழுதுவிச்சுப் போடும், தம்பி."

திரும்பும் பஸ்ஸில் நானுஓயா இறக்கத்தில், கார் நின்ற இடத்தில் பெட்ரோல் சொட்டிய கறை ரோட்டில் இருந்தது. சோலைமலை காட்டினான். பூரணி எட்டிப் பார்த்தாள்.

"பதினோரு மணிக்கு முன்னாலயே ஒரு பஸ்ஸு வந்துச்சே. அதுல நம்ம தோட்டத்துக் காளியாயிகூட வந்து எறங்குனா, நீங்க தொர காரோட ரோட்டுல நிக்கிறீங்கன்னு சொன்னா. நீங்க அதுல ஏறியிருக்கலாமே?"

"கடுதாசி அவரு பையில இருந்துச்சு."

"கடுதாசிய அப்பறமாக் குடுத்துக்கலாம்னு அந்தக் கண்ணாடி ஐயா சொன்னாரு. ஆளு வந்து நின்னாப் போதும்னு சொன்னாரு. நான் அவருகிட்டக் கேட்டேன்."

சோலைமலை தலவாக்கலை வரும்வரை ஜன்னல் கம்பியைப் பிடித்த பிடி விடாமல் உட்கார்ந்திருந்தான்.

திங்கட்கிழமை சின்னதொரையிடம் போனான். ரேஸில் அவருக்கு மூன்றாமிடம் கிடைத்திருந்தது. நல்ல சந்தோஷத்தில் இருந்தார். விஷயத்தைக் கேட்டதும் தலையைச் சொறிந்தார். அப்படி எழுதினால் அவர்மேல் குற்றம் வருமா என்று யோசித்தது முகத்தில் தெரிந்தது. "நாளைக்கி," என்றார். செவ்வாயும் நாளைக்கி. வியாழனும் நாளைக்கி.

ஒன்பதாம் நாள் பங்களாவிலிருந்து ஆள் வந்தது. ரப்பர் ஊறி வீங்கிவிட்டது, கார் மறுபடி ஒழுகுகிறது, உடனே வா. சோலைமலை போனான். இந்தத் தடவை காரின் மூக்கைத் திறக்கவில்லை. கையைக் கட்டிக்கொண்டு கொட்டகை வாசலில் நின்றான்.

"செய்," என்றார் சின்னதொரை.

"அந்தக் கடுதாசிய எழுதிக் குடுங்க தொர. புதுசா கழுத்து வச்சு ஒட்டி, ஆயுசுக்கும் ஒழுகாமப் பண்ணிக் குடுக்கிறேன்." கட்டிய கையை அவன் அவிழ்க்கவில்லை.

சின்னதொரைக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் கோபப்படவில்லை, அதுதான் சோலைமலைக்குப் பயமாக இருந்தது. மெதுவாகத்தான் பேசினார்.

"நீ எனக்கு விலை சொல்றது?"

"விலை இல்லீங்க தொர. நடந்ததத்தான் எழுதச் சொல்றேன்."

"நாளைக்கு ஸ்டோர் வேண்டாம். பெரட்டுக்கு வா. கவ்வாத்துக் கத்தி எடு."

மறுநாள் விடியற்காலை, ஆள்கணக்கு எடுத்து வேலை பிரிக்கும் பெரட்டுக் களத்தில், பன்னிரண்டு வருஷத்துக்குப் பிறகு, சோலைமலை மலைக்காரர்களோடு வரிசையில் நின்றான். நல்லமுத்துக் கங்காணி அவன் முகத்தைப் பார்க்காமல் ஒரு கத்தியைக் கொடுத்தார். அதே வாரம் ஹட்டனிலிருந்து ஒரு மெக்கானிக் மோட்டார் சைக்கிளில் வந்தான். புதுச் செம்புக் குழாய் ஒன்றை வளைத்து, பூட்டி, மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்பே முடித்துவிட்டுப் போனான். மேல்மலையில் கவ்வாத்து வெட்டிக்கொண்டிருந்த சோலைமலைக்குக் கீழே கார் கிளம்பும் சத்தம் கேட்டது. சத்தத்தில் குறை ஒன்றும் இல்லை. தன் கை இல்லாமல் அந்தக் கார் ஓடாது என்று இத்தனை நாள் நினைத்திருந்தோமே என்று அன்றைக்குத்தான் அவனுக்கு உறைத்தது. அந்த ஒரு நினைப்பை நம்பித்தான் அவன் கொட்டகை வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தான்.

இரண்டு வாரக் கெடு முடிந்தது. ஆடி மாதம் முடிவு வந்தது: விண்ணப்பதாரர் விசாரணைக்குச் சமுகமளிக்கவில்லை, நிராகரிக்கப்பட்டது. மேல்முறையீட்டுக்குக் கொழும்பில் வக்கீல் வைக்க வேண்டும் என்றார்கள் சங்கத்தில். அவனைப் போலவே நிராகரிக்கப்பட்டவர்கள் வாசல் நிறைய நின்றுகொண்டிருந்தார்கள்.

ஒன்றரை வருஷம் கவ்வாத்து வெட்டினான். பூரணி அதைப்பற்றி ஒரு குறையும் சொன்னதில்லை. சாயந்தரம் அவன் உள்ளங்கைக் கொப்புளங்களில் தேங்காயெண்ணெய் தடவிவிடுவாள். ஒரே ஒரு தடவை, "அன்னைக்கி அவருகிட்ட நீங்க கேட்டதுக்கு நான் சந்தோசந்தான் பட்டேன்," என்றாள். அப்புறம் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

ஐம்பத்தாறு கடைசியில் ஸ்டோர் இஞ்சின் மறுபடி இழுத்துக்கொண்டது. புதிதாக வந்த பிட்டரால் முடியவில்லை. சீமையிலிருந்து திரும்பியிருந்த பெரியதொரை சோலைமலையைக் கூப்பிட்டனுப்பினார். அவன் மறுபேச்சில்லாமல் போனான். மலையில் குளிர் மழை. வீட்டில் இரண்டாவது பிள்ளை. போகமாட்டேன் என்று சொல்ல அவனிடம் எதுவும் மிச்சமில்லை. ஐம்பத்தெட்டில் சின்னதொரை ஊருக்குப் போனார். காரைக் கண்டியில் யாருக்கோ விற்றுவிட்டதாகச் சொன்னார்கள். போகும்போது ஸ்டோருக்கு வந்து எல்லாருக்கும் கை கொடுத்தார், சோலைமலைக்கும் கொடுத்தார். அவனும் கையைத் துடைத்துக்கொண்டு நீட்டினான்.

அறுபத்து நான்கு ஐப்பசியில் இரண்டு நாட்டுப் பிரதமர்களும் ஒப்பந்தம் போட்டார்கள். கண்டாக்கையா ஸ்டோர் வாசலில் பத்திரிகையை உரக்க வாசித்தார்: இத்தனை லட்சம் பேர் இந்தியாவுக்கு, இத்தனை லட்சம் பேர் இங்கே, மிச்சம் ஒன்றரை லட்சம் பேரைப் பற்றிப் பிறகு பேசித் தீர்ப்பார்கள். யார் எந்தக் கணக்கில் என்று யாருக்கும் தெரியவில்லை. சனங்கள் கூட்டங்கூட்டமாக நின்று வாதாடினார்கள். நிறுவைக்குக் கொழுந்துக் கூடையோடு வந்த பூரணி, கூட்டத்தை விலக்கிக்கொண்டு இஞ்சின் அறைக்குள் வந்தாள்.

"நாம எந்தப் பக்கம்?" என்று கேட்டாள்.

"தெரியல."

"அவங்க சொல்றது கெடக்கட்டும். ஒங்களுக்கு எந்தப் பக்கம் வேணும்?"

இந்த நாற்பது வயதுவரை இந்தக் கேள்வியை அவனிடம் யாரும் கேட்டதில்லை. தாத்தாவின் ஊர் துறையூர்ப் பக்கம் என்று பெயர் மட்டும் தெரியும். அங்கே மலை உண்டா, மழை உண்டா என்றுகூடத் தெரியாது. எண்ணெய்த் துணியைக் கையில் சுருட்டினான்.

"இங்கதான்," என்றான்.

"எனக்கும் அப்பிடித்தான்," என்றாள் பூரணி. கூடையை எடுத்துக்கொண்டு நிறுவைக்குப் போனாள். மேலே வாடப்போட்ட கொழுந்து தயாராகிவிட்டதென்று மணி அடித்தார்கள். சோலைமலை இஞ்சினைக் கிளப்பினான்.

அந்த வருஷமும் அதற்கடுத்த வருஷமும் அவர்களுக்கு ஒரு காகிதமும் வரவில்லை. எட்டாம் லயத்தில் அவர்கள் குடியிருந்த காம்பராவுக்கு எதிரில் இரண்டு குடும்பம் இந்தியா போகப் பெட்டி கட்டத் தொடங்கியிருந்தது. ஒரு வீட்டில் அதை விருப்பத்தோடு செய்தார்கள். இன்னொரு வீட்டில் அழுதுகொண்டு செய்தார்கள். சோலைமலை இரண்டு வீட்டுப் பெட்டிக்கும் பூட்டுக் கொண்டி அடித்துக் கொடுத்தான்.